தக்காளி கிணத்துக்கடவில் கிலோ 10, பீளமேட்டில் 28: நடுவில் என்னதான் நடக்கிறது?

செம்மண்தோட்டம்
எல்லோருக்கும் வணக்கமுங்க. கிணத்துக்கடவு பக்கம் 2 ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறேன். திருப்பூரில் 11 வருசம் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். அப்பா காலமானதும் தோட்டத்துக்கே வந்துவிட்டேன். இது எனக்கு இரண்டாவது வெள்ளாமை.

போன செவ்வாய்க்கிழமைப் பறிப்பின் கணக்கை இங்கே வைக்கிறேன், எங்கே தவறு என்று சொல்லுங்கள். 60 டிப்பர் (பிளாஸ்டிக் பெட்டி) கோயமுத்தூர் மண்டிக்கு அனுப்பினேன். டிப்பருக்கு 14 கிலோ. விலை 140 ரூபாய். அதாவது கிலோ 10. சீட்டு வந்தபோது 57 டிப்பருக்குத்தான் கணக்கு, 3 டிப்பர் 'கசங்கல்' என்று கழித்திருந்தார்கள். 7,980 ரூபாயில் கமிஷன் நூற்றுக்கு 10, அது 798 போனது. இறக்குக்கூலி டிப்பருக்கு 5 வீதம் 300. டெம்போ வாடகை 1,500. பறித்த 8 பெண்களுக்கு ஆளுக்கு 400 வீதம் 3,200. மிச்சம் 2,182 ரூபாய். நாற்று, உரம், மருந்து, குச்சி, கயிறு, கிணற்றுத் தண்ணீர் இதில் சேரவில்லை.

அன்றைக்கே கோயமுத்தூர் பீளமேட்டில் என் தங்கச்சி கிலோ 28 கொடுத்து வாங்கியிருக்கிறாள். நான் பறிக்கும்போது செங்காயாக இருந்தது அவள் வீட்டுக்குப் போனபோது பழுத்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நடுவில் இருக்கும் 18 ரூபாய் யாருக்குப் போகிறது? அம்மாவுக்கு இந்தக் கணக்கைச் சொல்லவே மனசு வரவில்லை.

பீளமேடு வாசி
வேறு யாருக்குப் போகும், இடைத்தரகர்களுக்குத்தான். மண்டியே இல்லாமல் நேரடியாகக் கொடுத்தால் உங்களுக்கு 18, எங்களுக்கு 20 என்று இரண்டு பக்கமும் நன்றாக இருக்கும். எங்கள் அடுக்ககத்தில் 120 வீடு இருக்கிறது. வாங்க நாங்கள் தயார்.

பந்தல்காரர்
தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். பக்கத்திலேயே கிணத்துக்கடவு சந்தை இருக்கும்போது ஏன் கோயமுத்தூருக்கு அனுப்பினீர்கள்? அங்கேயே ஏலம் நடக்கிறது. கேரளத்து வியாபாரிகள் வரும் நாளில் விலை நிற்கும். வாடகை 1,500 கொடுக்க வேண்டியதில்லை. ஓணத்துக்கு முந்தின இரண்டு வாரம் அங்கே நின்று பாருங்கள், வாளையாறு எல்லை தாண்டுகிற வண்டிகள்தான் விலையைத் தீர்மானிக்கும். நாச்சிபாளையம் சந்தையும் பக்கம்தான்.

நான் 26 வருசமாகப் பாகல், பீர்க்கன், புடலை போடுகிறேன். ஒரே சந்தையை நம்பினால் என்றைக்காவது அது கையை விரித்துவிடும்.

செம்மண்தோட்டம்
அண்ணா, அப்பா எப்போதும் அந்த மண்டிக்குத்தான் அனுப்பினார். விதை வாங்க அவர்களிடம் 15,000 முன்பணம் வாங்கியிருக்கிறோம். அதனால் வேறு பக்கம் போகச் சங்கடமாக இருக்கிறது.

பந்தல்காரர்
அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். முன்பணம் வாங்கிய அன்றைக்கே விலை பேசும் வாய் பாதி அடைத்துவிட்டது. எப்பாடுபட்டாவது இந்த வெள்ளாமையிலேயே அதை அடைத்துவிடுங்கள்.

மண்டிக் கணக்கு
மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு காய்கறி மண்டியில் 19 வருசமாகக் கணக்கு எழுதுகிறேன். திட்டுகிறவர்கள் திட்டலாம், ஆனால் ராத்திரியில் அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்.

வண்டிகள் 10 மணிக்கு மேல் வரத் தொடங்கும். மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி கேரட், பீட்ரூட், கோஸ். தொண்டாமுத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து தக்காளி, கத்தரி, பந்தல் காய். நம் பக்கம் வரத்து குறைந்தால் கர்நாடகத்திலிருந்து தக்காளி லாரி. பெரிய வெங்காயம் மகாராஷ்டிரத்துச் சரக்கு. 2 மணியிலிருந்து 4 மணி வரை நல்ல வியாபாரம். ஊட்டி, பாலக்காடு, திருப்பூர்ப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் விடிவதற்குள் கிளம்ப வேண்டும், அவர்கள்தான் விலை பார்க்காமல் எடுப்பவர்கள். 5 மணிக்கு மேல் வருகிற சரக்குக்குத் தள்ளுவண்டிக்காரர்கள் மட்டும்தான் மிச்சம்.

தம்பி, உங்கள் வண்டி எத்தனை மணிக்கு இறங்கியது? சீட்டில் நேரம் இருக்கும், பாருங்கள்.

செம்மண்தோட்டம்
5.40 என்று இருக்கிறதுங்க. டெம்போக்காரர் நாலு தோட்டத்தில் ஏற்றிக்கொண்டு வருவார். நாங்கள்தான் கடைசி.

மண்டிக் கணக்கு
அங்கேதான் போயிற்று. அன்றைக்கு 3 மணிக்குத் தக்காளி 190 போனது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 60 டிப்பருக்கு 3,000 ரூபாய் வித்தியாசம். உங்கள் மிச்சத்தைவிடப் பெரிய தொகை.

இன்னொன்று. வாங்குகிறவர் டிப்பரின் மேலே இருப்பதைப் பார்க்கவே மாட்டார். கையை ஓரமாக அடிவரை விட்டு, கீழே இருக்கும் ஒரு பழத்தை எடுத்து, காம்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார். அமுங்கினால் அந்த வரிசை முழுக்க 20 ரூபாய் இறங்கும். மத்தியான வெயிலில் பறித்து, சூடு ஆறாமலே அடுக்கிய தக்காளி அடியில் கட்டாயம் அமுங்கும். மேலே பெரிசு, கீழே பொடி என்று அடுக்கினாலும் ஒரு தடவைதான் செல்லும். அடுத்த தடவை உங்கள் டிப்பரைப் பார்த்தாலே கையை எடுத்துக்கொள்வார்கள்.

அந்த 3 டிப்பர் கசங்கல் விஷயம். சரக்கைக் காட்டாமல் கழித்தது தப்பு. இதில் எந்தச் சமாதானமும் எனக்குத் தெரியவில்லை. கசங்கியதைத் தனியாக வைத்து, வண்டிக்காரரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்க வேண்டும். போனில் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிறவருக்குக் கழிவு குறையும்.

பீளமேடு வாசி
சரி, 140க்கு விற்ற டிப்பர் எங்கள் தெருவுக்கு வரும்போது கிலோ 28 ஆவது எப்படி? அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

காய்கறிக்கடை அக்கா
அதற்கு நான் பதில் சொல்கிறேன். பீளமேட்டுக்குப் பக்கத்தில்தான் என் கடை.

ராத்திரி 2.30க்கு எழுந்து, பக்கத்துக் கடைத் தம்பியோடு சேர்ந்து ஆட்டோ பிடித்து மார்க்கெட்டுக்குப் போவேன். மண்டியில் மொத்தமாக 20, 30 டிப்பர் எடுப்பவர்களுக்குத்தான் அந்த விலை. எனக்கு 4 டிப்பர் போதும். அதனால் மொத்தமாக எடுத்துப் பிரித்துக் கொடுப்பவரிடம் வாங்குகிறேன். அவர் 170 வாங்குவார். அவர் எனக்கு ஒரு வாரம் கடன் கொடுக்கிறார், மண்டிக்கு அவர் பணம் கட்டியாக வேண்டும். ஆட்டோவும் ஏற்றுக்கூலியும் சேர்த்து ஒரு டிப்பர் எனக்கு 190 அடக்கம்.

14 கிலோவில் 8 கிலோதான் 28க்குப் போகும். காலையில் வருகிறவர்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள், தப்பில்லை, அவர்கள் காசு. மிச்சத்தில் 3 கிலோ சாயங்காலம் 20க்கு. மறுநாள் ஒன்றரை கிலோ 10க்கு, ஓட்டல்காரர் ஒருவர் எடுப்பார். ஒன்றரை கிலோ மாட்டுக்கு. ஆக 224, 60, 15. மொத்தம் 299. எனக்கு நிற்பது 109. இதில்தான் கடை வாடகை, கரண்ட், கவர், கறிவேப்பிலை கொத்தமல்லி இலவசம் எல்லாம். கறிவேப்பிலையைக் காசுக்குத்தான் காரமடைக்காரரிடம் வாங்குகிறேன், கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது.

தம்பி, உங்கள் கணக்கைப் படித்துவிட்டு வகுத்துப் பார்த்தேன். டிப்பருக்கு உங்களுக்கு 36 ரூபாய்தான் நிற்கிறது. மூன்று மாதம் பாடுபட்ட உங்களுக்கு 36, இரண்டு நாள் வைத்து விற்கிற எனக்கு 109. எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

பீளமேடு வாசி
அக்கா, மன்னிக்கணும். நான் வாங்குகிற கடையும் இப்படித்தான் நடக்கிறது என்று யோசித்ததே இல்லை.

நேரடியாக வாங்குவதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, நாங்கள் ஒருமுறை முயற்சி செய்திருக்கிறோம். ஒரு விவசாயி ஞாயிற்றுக்கிழமை வெண்டைக்காய் மட்டும் 80 கிலோ கொண்டுவந்தார். 40 வீட்டில் ஆளுக்கு அரைக் கிலோ எடுத்தோம். 60 கிலோவைத் திரும்ப எடுத்துப் போனார். மூன்றாவது வாரம் வரவில்லை. அதற்கப்புறம் அவரே கீரை போடுகிறவர், தேங்காய் வைத்திருப்பவர், கத்தரிக்காய்க்காரர் என்று ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வந்தார். இப்போது ஒன்றரை வருசமாக நடக்கிறது. ஆனால் அந்த ஐந்து பேருக்கும் இது வாரத்தில் ஒருநாள் வியாபாரம்தான்.

பட்டறை பல்லடம்
நான் சின்ன வெங்காயக்காரன். எங்களுக்கு ஒரு வசதி உண்டு, அதைச் சொல்கிறேன். விலை இல்லையென்றால் பட்டறை போட்டுவிடுவோம். கல் அடுக்கி அதன்மேல் மூங்கில் பரப்பி, இலைத்தாளோடு உலர்த்திய வெங்காயத்தைக் கொட்டி, மேலே தென்னங்கீற்று மூடுவோம். அடியில் காற்று ஓட வேண்டும். நன்றாகக் காய்ந்த வெங்காயம் மூன்று, நான்கு மாதம் நிற்கும். எங்கள் அப்புச்சி பட்டறைப் பக்கம் போய் மூக்கை வைத்து மோந்து பார்த்தே எந்த மூலையில் அழுகல் தொடங்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

அப்படி இருந்தும் 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை வந்தபோது மாட்டிக்கொண்டோம். தட்டுப்பாடு பெரிய வெங்காயத்துக்கு. ஆனால் இரண்டுக்கும் ஒரே ஏற்றுமதிக் குறியீட்டு எண் என்பதால் இலங்கைக்கும் மலேசியாவுக்கும் போகிற எங்கள் சரக்கும் நின்றது. 2024 மே மாதம்தான் தடை நீங்கியது. பட்டறையில் வைத்தவர்களில் பாதிப்பேர் அதற்குள் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டார்கள். சின்ன வெங்காயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று நாங்கள் கேட்பது அதனால்தான்.

தக்காளிக்கு மூன்று நாள்கூடப் பொறுக்க முடியாது. அதனால் பறிக்கிற நாள் உங்கள் கையில் இல்லை, விற்கிற நேரம் மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது.

கோவைவாசன்
அரசாங்கம் குளிர்பதனக் கிடங்கு கட்டிக் கொடுத்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே?

வேளாண் படிப்பு
தக்காளிக்கு அது அவ்வளவு சுலபம் இல்லை. கேரட்டைப் பூஜ்ஜியம் டிகிரிக்குப் பக்கத்தில் மாதக்கணக்கில் வைக்கலாம். முழுதாகப் பழுக்காத தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே வைத்தால் அப்புறம் ஒழுங்காகப் பழுக்காது, திட்டுத்திட்டாக நிறம் வரும், ருசி போய்விடும். 12, 13 டிகிரியில் ஒன்றிரண்டு வாரம் தள்ளலாம். கிலோ 10 ரூபாய்ச் சரக்குக்கு அந்தக் கரண்ட் செலவு கட்டுபடியாகாது. சாஸ் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். அவர்களுக்கு வேண்டியது சதைப்பற்று அதிகமான வேறு ரகம், நாம் போடுவது கடை ரகம்.

முதலில் செய்ய வேண்டியது காலையில் வெள்ளெனப் பறித்து, வேப்பமரத்து நிழலில் பரப்பிச் சூடு ஆற்றி, அப்புறம் அடுக்குவது. இதற்குப் பைசா செலவில்லை. அப்புறம், நடவுக்கு முன்னால் நம் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிடும் விலை முன்னறிவிப்பைப் பாருங்கள். 2023 ஜூலையில் தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது, ரேஷன் கடையில் 60க்கு விற்றார்கள். அந்த விலையைப் பார்த்து எல்லோரும் நட்டார்கள். செப்டம்பரில் என்ன ஆனது என்று உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

தாளவாடி மலை
நேரம்தான் முக்கியம் என்று சொன்னதால் எங்கள் கதையும் சொல்கிறேன். கோஸ், பீட்ரூட், உருளை எல்லாம் திம்பம் மலைப்பாதையின் 27 வளைவுகளையும் தாண்டித்தான் சமவெளிக்கு வர வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை. வனவிலங்குகள் வண்டியில் அடிபடக் கூடாது, அதில் எங்களுக்கும் சம்மதம்தான். ஆனால் சாயங்காலம் 6 மணிக்குள் லாரி மலையிறங்க வேண்டும் என்றால் மத்தியானமே வெட்டி முடிக்க வேண்டியிருக்கிறது. கீழே போய் ராத்திரி முழுக்கச் சரக்கு வெறுமனே நிற்கிறது. உள்ளூர்க் காய்கறி வண்டிக்கு ஒரு நேரம் ஒதுக்கினால் போதும்.

கேத்தி மேடு
நீலகிரியிலிருந்து. எங்கள் கேரட் நடுராத்திரியில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பிடுங்கப்படுகிறது. விடிவதற்குள் இயந்திரத்தில் கழுவி மூட்டை போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறது. ராத்திரி வேலைக்குக் கூலி அதிகம், குளிரில் பெண்களுக்கு ரொம்பக் கஷ்டம். காலையில் பிடுங்கினால் ஒருநாள் பழைய சரக்கு என்று விலையைக் குறைப்பார்கள். நகரத்து ஜனங்கள் ஈரம் காயாத கேரட் கேட்கும்வரை இது மாறாது.

பந்தல்காரர்
தம்பி, உழவர் சந்தையைப் பற்றி யாருமே பேசவில்லையே. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் சந்தையைத் திறந்தார்கள். அப்புறம் நம் பக்கமும் ஆர்.எஸ். புரம், சிங்காநல்லூர், பொள்ளாச்சி, உடுமலை என்று வந்தன. ஆர்.எஸ். புரத்துக்கு நான் முதன்முதலில் போனபோது கடைக்கு வாடகை கிடையாது, தராசு அவர்களே கொடுத்தார்கள், கமிஷன் என்ற பேச்சே இல்லை. விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். மண்டி விலையைவிடக் கொஞ்சம் அதிகம், வெளிக்கடையைவிடக் கொஞ்சம் குறைவு. என் மூத்த மகளின் காலேஜ் பீஸ் முழுக்க அந்தச் சந்தையில் விற்ற பீர்க்கங்காயில் கட்டியதுதான்.

செம்மண்தோட்டம்
அண்ணா, 60 டிப்பரை அங்கே எப்படி விற்பது?

பந்தல்காரர்
விற்க முடியாது. அதைத்தான் சொல்ல வந்தேன். அது அரை ஏக்கர்க்காரருக்கும், வீட்டில் உட்கார ஆள் இருப்பவருக்கும் கட்டிய சந்தை. ஒருவர் உட்கார்ந்தால் காலை 9 மணிக்குள் 5, 6 டிப்பர் போகும். 20 ஏக்கர் வைத்திருப்பவர் லாரியே அமர்த்தி ஒட்டன்சத்திரத்துக்கோ கேரளத்துக்கோ அனுப்பிவிடுவார், வியாபாரி அவர் தோட்டத்துக்கே வருவார். நடுவில் மாட்டிக்கொள்வது 2 ஏக்கர், 3 ஏக்கர்க்காரர். சந்தைக்குச் சரக்கு அதிகம், லாரிக்குச் சரக்கு குறைவு. அவருக்கென்று இன்றுவரை யாரும் ஒரு சந்தையை யோசிக்கவில்லை. எனக்கு இது 26 வருசத்து ஆதங்கம்.

மண்டிக் கணக்கு
பந்தல்காரர் ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம். எங்கள் மண்டிக்கு வரும் சரக்கில் பெரும்பகுதி அந்த 2 ஏக்கர்க்காரர்களுடையதுதான். எவ்வளவு வந்தாலும் நாங்கள் வேண்டாம் என்று திருப்புவதில்லை, அன்றைக்கே ரொக்கம் கொடுக்கிறோம். ஆனால் அவர்கள் தனித்தனியாக, தாமதமாக, விலை தெரியாமல் வருகிறார்கள். மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்து 12 மணிக்குள் இறக்கினால், ஒருவர் கூடவே வந்து நின்றால், கழிவும் இருக்காது, விலையும் விழாது. வேலை செய்யும் இடத்துக்காகப் பரிந்து பேசுவதாக நினைக்காதீர்கள், என் அண்ணனும் வெள்ளாமைக்காரர்தான்.

பீளமேடு வாசி
நான் முதலில் எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். மண்டியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தது தவறு. ஆனாலும் 10 ரூபாய்க்கு வாங்கியதில் விவசாயிக்கு 2 ரூபாய் 60 காசு நிற்பதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

காய்கறிக்கடை அக்கா
யாரும் நியாயம் என்று சொல்லவில்லை கண்ணு.

செம்மண்தோட்டம்
25 நாள் கழித்து எழுதுகிறேன். எல்லோரும் சொன்னதில் முடிந்ததைச் செய்தேன்.

பறிப்பை விடியற்காலை 6 மணிக்கு மாற்றினேன். வேலைக்கு வரும் அக்காமார்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது, வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மத்தியானம் வரை நிழலில் பரப்பி வைத்து, பொடியைத் தனியாகப் பிரித்து அடுக்குகிறோம். பக்கத்துத் தோட்டத்து மாமாவும் இன்னொருவரும் நானுமாக ஒரே வண்டி. ராத்திரி 9.30க்குக் கிளம்பி 11 மணிக்குள் இறக்கிவிடுகிறோம். முறைபோட்டு ஒருவர் கூடவே போகிறோம். முதல் தடவை நான் போனபோது ஒருவர் டிப்பருக்குள் கையை விட்டு அடிப்பழத்தை எடுத்து அழுத்தினார். மண்டிக் கணக்கு அண்ணா எழுதியதை நினைத்துக்கொண்டே நின்றேன். அழுத்தினார், மறுபடி உள்ளே வைத்தார், '30 டிப்பர் போடு' என்றார். அவ்வளவு சந்தோசம் எனக்குச் சம்பளம் வாங்கிய நாட்களில் வந்ததில்லை. அன்றைக்கு விலை 165. கழிவு இல்லை. முன்பணத்தில் 6,000 அடைத்துவிட்டேன்.

உழவர் சந்தைக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று வாங்கி, போட்டோ கொடுத்து, அட்டை வந்துவிட்டது. அம்மா வாரத்தில் மூன்று நாள் போகிறார். முதல் பஸ்ஸில் 5 டிப்பர். கூடவே வரப்போரத்துக் கறிவேப்பிலையும் கொஞ்சம் அரைக்கீரையும். தக்காளி மட்டும் வைத்தால் யாரும் நிற்பதில்லை, கீரை கேட்க நிற்கிறவர்கள்தான் தக்காளியும் வாங்குகிறார்கள் என்று அம்மா கண்டுபிடித்திருக்கிறார். அப்பா போனதிலிருந்து வாசலைத் தாண்டாதவர், இப்போது 3 மணிக்கே எழுந்து என்னை எழுப்புகிறார்.

பந்தல்காரர் அண்ணா, அடுத்து அரை ஏக்கரில் பீர்க்கன் போடலாம் என்று இருக்கிறேன். கல்தூண் போடுவதா, மூங்கிலா?

பந்தல்காரர்
கல்தூண். கம்பியில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்கு வாருங்கள், பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம். அம்மாவையும் கூட்டி வாருங்கள், எங்கள் வீட்டிலும் சந்தைக்குப் போகிறவர் ஒருவர் இருக்கிறார்.